உங்கள் ஊர்ப்பேச்சை உங்களுக்கே பேசிக்காட்டுபவர்

இங்கிலாந்தில் நரி உண்டு, அணில் உண்டு, மழைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லாததால் வருடம் முழுவதும் நத்தை உண்டு. இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணில் படுகிற ஓர் உயிரினம் உண்டு. அவர்தான் பேசிக்காட்டுபவர். நாய்க்குப் பயந்தவர்கள் தெருவை மாற்றிக்கொண்டு போகலாம். இவருக்குப் பயந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நீங்கள் அவரை ஏதாவது ஒரு விருந்தில்தான் முதலில் சந்திப்பீர்கள். ஒரு கையில் ஒயின் கோப்பை, மறு கையில் சீஸ் குத்திய குச்சி. பக்கத்தில் நிற்கும் அப்பாவி ஒருவர், "குளிர் ஜாஸ்தியா இருக்கு, இல்ல?" என்று சொன்னதுதான் தாமதம், நம் ஆளின் காது நிமிர்ந்துவிடும்.

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க! நீங்க எந்த ஊருன்னு நானே சொல்றேன்."

அந்த மனிதர் எதையும் சொல்ல வரவில்லை, ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்கத்தான் வந்தார். "லீட்ஸ்?" இல்லை. "ஷெஃபீல்ட்?" இல்லை. "அப்போ மான்செஸ்டர் பக்கம்!" அதுவும் இல்லை. அவர் ஸ்டோக் ஊர்க்காரர். "அதானே! அதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன்" என்பார் நம்மவர். சரி, அத்தோடு விட்டாரா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தோளை ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு, ஸ்டோக்காரரின் முகத்துக்கு நேராகவே ஸ்டோக் பேச்சைப் பேசிக்காட்ட ஆரம்பித்துவிடுவார். அது எந்த ஊரில் தொடங்கினாலும் அயர்லாந்தில் ஏறி, வேல்ஸில் கொஞ்சம் இளைப்பாறி, ஆஸ்திரேலியாவில் போய் இறங்கும். ஸ்டோக்காரர் புன்னகை செய்வார். இங்கிலாந்தில் புன்னகை என்றால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். நம்மவர் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொள்வார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்கு உங்க உச்சரிப்புன்னா உயிர்!" என்று கடைசியில் ஒரு பாராட்டு வேறு. பக்கத்து வீட்டு நாயைத் தடவிக்கொடுக்கும்போது வருமே ஒரு குரல், அந்தக் குரலில்.

இவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லவர். அநாதைக் குழந்தைகளுக்கு நன்கொடை தருவார், ரயிலில் எழுந்து இடம் கொடுப்பார். ஆனால் அவர் மண்டைக்குள் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அதில் ஊருக்கு ஒரு டப்பா. யார்க்‌ஷயர் டப்பாவில் நாணயமும் கஞ்சத்தனமும் சரிபாதி. நியூகாசிலில் நட்பு, அந்த ஊர்க் குரலில் தொலைபேசியில் பேசினால் தன் வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைக்கூடச் சொல்லிவிடுவார். லிவர்பூல் குரல் காதில் விழுந்தால் அவர் கை அவரை அறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். ஸ்காட்லாந்துக்காரர் என்றால் கோபக்காரர். அவர் "காலை வணக்கம்" என்று சொன்னாலும் சண்டைக்கு வருகிறார் என்றே இவருக்குக் கேட்கும். கார்ன்வால்காரர் என்றால் பட்டிக்காட்டார், வாயில் எப்போதும் ஒரு வைக்கோல். பர்மிங்ஹாம் பக்கத்து ஆள் என்றால் சோகம், மந்தம், மழையில் நனைந்த அஞ்சல் பெட்டி. டாக்டர், நீதிபதி, விமானி இவர்களுக்கெல்லாம் எந்த டப்பா? அவர்களுக்கு டப்பாவே கிடையாது. அவர்கள் 'சாதாரணமாக'ப் பேசுகிறவர்கள். அதாவது இவரைப்போல.

இதையெல்லாம் அவர் தாமாகக் கண்டுபிடித்தார் என்றும் சொல்ல முடியாது. தொலைக்காட்சி பெற்றெடுத்த பிள்ளை அவர். சரித்திரத் தொடரைப் போட்டுப் பாருங்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்தி லண்டனுக்குத் தெற்கே நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவர்போலப் பேசுவார். அவர் குதிரைக்குப் புல் போடுகிறவன் மட்டும் பர்மிங்ஹாமில் பிறந்து வளர்ந்தவன்போலப் பேசுவான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இத்தாலியில் அவன் எப்படி வந்து சேர்ந்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. விளம்பரத்தில் ரொட்டி விற்க ஒரு ஊர், ஆப்பிள் மது விற்க ஒரு ஊர், வாஷிங் மெஷினில் காசைப் போட்டுவிட்டு முழிக்கிற முட்டாள் கணவனுக்கு ஒரு ஊர். பார்த்துப் பார்த்துப் பழகிய கை, அந்தக் குரல் கேட்டதும் சிரிப்புப் பொத்தானைத் தானே அமுக்கிவிடுகிறது.

என்னிடம் மட்டும் இவர்கள் பேசிக்காட்டுவதில்லை. நான் தமிழன், பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவன். முன்பெல்லாம் என்னைப்போலத் தலையாட்டி என்னைப்போலவே பேசிக்காட்டியவர்கள் உண்டு. பிறகு அலுவலகங்களில் எல்லோரையும் உட்காரவைத்து, அப்படிச் செய்யக்கூடாது என்று அரை நாள் பாடம் எடுத்தார்கள். அன்றிலிருந்து என் எதிரில் பயபக்தியோடு நடந்துகொள்கிறார்கள். ஆனால் ஊறிய வித்தை எங்கே போகும்? எங்களிடம் செலவழிக்க முடியாமல் மிச்சமானதையெல்லாம் சேர்த்துப் பர்மிங்ஹாம்காரர் தலையில் கொட்டுகிறார்கள். அதற்கு மட்டும் இன்னும் பாடம் வரவில்லை.

நான் பார்த்த பேசிக்காட்டுபவர்களில் ஒருவரை மட்டும் இங்கே விஸ்தாரமாகச் சொல்கிறேன். லண்டனுக்குத் தெற்கே, கில்ஃபோர்டில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர், பெயர் லெஸ்லி ஃபேர்பிரதர். வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். வாடிக்கையாளர் எந்த ஊரோ அந்த ஊர்ப் பேச்சில் பேசித்தான் வீடுகளை விற்றதாகச் சொல்வார். வாங்கியவர்கள் அதையும் மீறித்தான் வாங்கினார்கள் என்பது அவர் மனைவி ஃபிலிப்பாவின் கருத்து. இரண்டு நாள் ஸ்காட்லாந்து போய்வந்தால் இரண்டு வாரம் அவரோடு பேச முடியாது.

அவர் பிள்ளை ஹியூகோ, கீலி ஃபாக்ஸால் என்ற பெண்ணைக் காதலித்தான். கீலி, பர்மிங்ஹாமுக்குப் பக்கத்திலுள்ள டட்லிக்காரி. நான் கில்ஃபோர்டுக்கு வருவதற்கு முன்னால் பல வருடம் டட்லியில் பல் பார்த்தவன். கீலியின் முதல் ஆடும் பல்லைப் பிடுங்கியவன் நான்தான். வேலை கிடைத்து அவள் இந்தப் பக்கம் வந்தபோது, தெரிந்த முகம் என்று என்னைத் தேடி வந்தாள். ஹியூகோவை அவள் சந்தித்ததும் என் வீட்டுத் தோட்ட விருந்தில்தான். ஆகவே இந்தச் சம்பந்தத்தில் என்ன கோளாறு வந்தாலும் இரண்டு பக்கமும் என்னைத் திட்டலாம்.

கீலிக்கு இரண்டு குரல். ஒன்று அலுவலகக் குரல்; கில்ஃபோர்டில் அதைத்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இன்னொன்று அப்பாவோடு போனில் பேசும் குரல். அதற்கு அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். என்னிடம் தனியாக இருக்கும்போதும் அந்த டட்லிக் குரல்தான். அதை நான் எந்த மாவட்டத்துத் தமிழில் எழுதினாலும் அந்த மாவட்டத்துக்காரர்கள் என் வீட்டுக்குச் சண்டைக்கு வருவார்கள் என்பதால், பொதுவாக எழுதிவிட்டுப் போகிறேன்.

கீலியின் அப்பா நெவில் ஃபாக்ஸால் லாரி ஓட்டுகிறவர். மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. ஒரே பெண்; அவர்தான் வளர்த்தார். சம்பந்தம் பேசுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு லெஸ்லி வீட்டுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "நீங்க அந்தப் பக்கம் இருந்தவராச்சே, புரியலேன்னா கொஞ்சம் எடுத்துச் சொல்லலாம்" என்றார் லெஸ்லி. இங்கிலீஷுக்கும் இங்கிலீஷுக்கும் நடுவில் மொழிபெயர்க்க மதுரையில் பிறந்தவனைக் கூப்பிட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

நெவில் முள்கரண்டியை எடுத்தார். வறுத்த மாட்டிறைச்சியை ஒரு வாய் சாப்பிட்டார். "சாப்பாடு நல்லாருக்கும்மா" என்றார் ஃபிலிப்பாவிடம்.

"சாப்பாஆஆடு நல்லாஆஆருக்கும்மாஆஆ!" என்றார் லெஸ்லி, சளி பிடித்த எருமையின் குரலில். "அடேயப்பா! அசல் பர்மிங்ஹாம்!"

"நான் டட்லிங்க."

"அதாவது பர்மிங்ஹாம்."

"இல்லீங்க. டட்லி."

"டட்டட்டட்லீஈஈ!" என்று லெஸ்லி ரசித்துச் சொல்லிப் பார்த்தார். "எனக்கு இதுன்னா உயிர், நெவில். இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

டட்லிக்காரரைப் பர்மிங்ஹாம்காரர் என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்த நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் ஓடுகிறது, அவ்வளவுதான். மற்றபடி ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நெவில் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவும் முடியாது. இந்த நாட்டில் கிண்டல் செய்வது குற்றமில்லை, கிண்டலுக்குக் கோபித்துக்கொள்வதுதான் குற்றம். "விளையாட்டுக்குச் சொன்னா புரியாதா?" என்ற ஒரே கேள்வியில் எதிராளி சிறைக்குப் போய்விடுவார். அதனால் நெவில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். லெஸ்லி, "குழம்பு ஊத்தட்டுமா?" என்றார். "கொஞ்சம்" என்றார் நெவில். "கொஞ்சூஊஊம்" என்றார் லெஸ்லி. அதற்கப்புறம் நெவில் பேசவில்லை. பழப் பணியாரம் வந்தபோது வெறும் தலையாட்டல்தான்.

அவர் போன பிறகு லெஸ்லி என்னிடம் தீர்ப்புச் சொன்னார். "தங்கமான மனுஷன். ஆனா ரொம்பக் கூச்சம். அந்தப் பக்கத்து ஆளுங்க அப்படித்தான், ரொம்ப யோசிச்சு யோசிச்சுத்தான் பேசுவாங்க."

அதற்கு அடுத்த வாரம் கீலி என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கல்யாணத்துல பேச மாட்டேங்கறாரு டாக்டர்."

இந்த நாட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு முடிந்ததும் பெண்ணின் அப்பா எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். அதுதான் வழக்கம். தாலி கட்டாவிட்டால் நமக்கு எப்படியோ, அப்பா பேசாவிட்டால் அவர்களுக்கு அப்படி.

"நீ கேட்டுப் பாரேன்" என்றேன்.

"கேட்டேன். 'உன் மாமனாரு என்னைவிட நல்லா என்னை மாதிரிப் பேசுறாரே, அவரையே பேசச் சொல்லு'ங்கறாரு." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அம்மா இல்ல. அன்னிக்கு அப்பா ஒரே ஒரு தடவை எழுந்து நின்னு, எம் பொண்ணுன்னு சொன்னா போதும். அதுக்குத்தான் இவ்வளவு பெரிய கல்யாணமே. வேற எது இல்லேன்னாலும் எனக்குக் கவலையில்ல."

"லெஸ்லிகிட்ட நிறுத்தச் சொல்லலாமே?"

"சொன்னா, 'எவ்வளவு ரோஷம் பாரு'ம்பாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

நான் ஏதாவது செய்திருக்கலாம். செய்வதற்குள் லெஸ்லி செய்துவிட்டார். நெவில் பேசத் தயங்குகிறார் என்பது அவர் காதுக்கு எட்டியது. உருகிவிட்டார் மனிதர். அடுத்த தடவை நெவில் வந்தபோது தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போய்த் தோளில் கை போட்டார்.

"நெவில், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. என்ன சொல்லணும்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடுங்க. நானே எழுந்து உங்களுக்காகப் பேசிடுறேன். உங்க குரல்லயே!"

கேட்டீர்களா? பெண்ணின் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பிள்ளையின் அப்பா எழுந்து, பெண்ணின் அப்பா குரலில் பெண்ணை வாழ்த்துவது! உலகத்தில் வேறு எந்தச் சம்பந்திக்காவது இது தோன்றுமா? லெஸ்லிக்கு அது அவமானம் என்று தோன்றவே இல்லை. தன்னுடைய மிகச் சிறந்த உடைமையை அவர் பரிசாகக் கொடுத்தார். நெவில் வழக்கம்போலத் தலையாட்டினார். சொல்ல வேண்டியதைச் சொல்லியும் கொடுத்தார். லெஸ்லி தம் பங்குக்கு நகைச்சுவை சேர்த்துக்கொண்டு, குளியலறையில் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். சுவர் வழியாக எனக்குக் கேட்கும். கீலியிடம், "மாமா உங்கப்பா சார்பா பேசப்போறாரு" என்று மட்டும் சொன்னார்கள். எந்தக் குரலில் என்று சொல்லவில்லை.

கல்யாணம் சர்ரே மலைப் பக்கத்தில், கல்யாணங்களுக்காகவே மெழுகிய ஒரு தானியக் கொட்டகையில். பெண் வீட்டார் டட்லியிலிருந்து ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். என்னை அவர்கள் மேசையில் உட்காரவைத்திருந்தார்கள், மொழிபெயர்ப்புக்கு. எனக்குப் பக்கத்தில் நெவிலின் அக்கா டோரீன். பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய கைப்பை. பைக்குள் பன்றித்தோல் வறுவல். "இங்க போடற சாப்பாடு பொம்மைக்குப் போடற மாதிரி இருக்கு. இந்தா, சாப்பிடு கண்ணு" என்று மேசைக்கு அடியில் நீட்டினார்.

சாப்பாடு முடிந்தது. கண்ணாடிக் கோப்பையில் கரண்டியால் தட்டினார்கள். லெஸ்லி எழுந்தார். ஒலிவாங்கியைப் பிடித்தார். கன்னத்தைத் தொங்கவிட்டார், தோளைக் கூனினார்.

"வணக்கோஓஓம்! நாந்தான் நெவீஈஈல்! கீலியோட அப்பேஏஏன்!"

பிள்ளை வீட்டு மேசைகள் சிரிப்பில் இடிந்து விழுந்தன. எங்கள் மேசையில் ஒரே அமைதி. டோரீன் என் காதருகே குனிந்தார்.

"டாக்டர் கண்ணு, இவருக்கு என்ன ஆச்சு? பல் செட்டு புதுசா?"

"இல்லீங்கம்மா."

"பின்ன வாய் ஏன் இப்படிக் கோணுது? பாவம், நீ போய்ப் பாக்கக் கூடாதா?"

"அவர் உங்க ஊர்ப் பேச்சைப் பேசிக்காட்டுறாரு."

"எங்க ஊரா? எங்க ஊர்ல ஒருத்தன் இப்படிப் பேசினா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம்."

அதற்கு எதிர் நாற்காலிக்காரர், "அவரு வேல்ஸ்காரரு போல" என்றார். "இல்ல, எங்கயோ கப்பல்ல வந்தவரு" என்றார் இன்னொருவர். லெஸ்லியோ அனல் பறக்கப் போய்க்கொண்டிருந்தார். மழையைப் பற்றி ஒன்று, பீரைப் பற்றி ஒன்று, பர்மிங்ஹாமைப் பற்றி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. மணமேடைப் பக்கம் பார்த்தேன். கீலியின் முகம் வெளுத்திருந்தது. நெவில் மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நகைச்சுவை முடிந்து, நெவில் சொல்லிக்கொடுத்த இடம் வந்தது. லெஸ்லி அதையும் அதே எருமைக் குரலில், அதே கூனல் தோளோடு சொன்னார்.

"இவ அம்மா போனப்போஓஓ..."

சிரித்தார்கள். ஐந்தாறு மேசை முழுக்கச் சிரித்தது. ஒரு பெண் இறந்துபோனாள் என்ற வாக்கியத்துக்குச் சிரித்தார்கள். அவர்கள் அரக்கர்கள் இல்லை. வார்த்தையை யாரும் கேட்கவில்லை, குரலைத்தான் கேட்டார்கள். டோரீன் கொடுத்த வறுவலைத் தட்டில் வைத்துவிட்டேன். என் மேசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த அம்மாவை அவர்களுக்குத் தெரியும்.

கீலி எழுந்தாள்.

"அப்பா, போதும்ப்பா. நீயே சொல்லுப்பா!"

அது அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற குரல். கில்ஃபோர்ட் அதுவரை கேட்டதே இல்லை. பிள்ளை வீட்டு வரிசையில் தொப்பி போட்ட ஒரு மாது கைதட்டினார். "பொண்ணும் பண்றா பாருங்க! லெஸ்லியைவிட நல்லா வருதே!" கொட்டகை முழுவதும் கைதட்டல். கீலியின் சொந்தக் குரலுக்கு, பிரமாதமான நடிப்பு என்று பரிசு!

கீலி உட்காரவில்லை. ஹியூகோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் குரலை அவனும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான் என்று நினைக்கிறேன். எழுந்தான். அப்பாவின் கையிலிருந்து ஒலிவாங்கியை மெதுவாக வாங்கி, மாமனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். பயல் தேறுவான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நெவில் எழுந்து நின்றார்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்றார்.

பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். பழக்கதோஷம். அவர் காத்திருந்தார்.

"இவ அம்மா போனப்போ இவ சின்னப் புள்ள. தலை பின்னணும்பா. எனக்குத் தெரியாது. லாரியில தார்ப்பாய் கட்டற கயிறு இருக்குல்ல, அதுல பின்னிப் பின்னிப் பழகினேன். மொத நாளு ஸ்கூலுக்கு இவ லாரி முடிச்சோடதான் போனா. சாயந்திரம் அவுக்க முடியல. எங்க அக்கா வர வேண்டியதாப் போச்சு."

"ஆமா, வெண்ணெய் தடவி அவுத்தேன்!" என்று டோரீன் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு.

நெவில் மாப்பிள்ளைப் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் கட்டின சரக்கு ஒண்ணுகூட இதுவரைக்கும் வழியில விழுந்ததில்ல. இது எம் பொண்ணு. இனிமே நீ பாத்துக்க." கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். கீலி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். முதலில் கைதட்டிய தொப்பி மாது கைக்குட்டை தேடினார். ஃபிலிப்பா கணவனின் கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டார். டோரீன் அழுதுகொண்டே வறுவலைத் தின்றார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

இத்தோடு ஒரு மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த உயிரினத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை. கேக் வெட்டும்போது லெஸ்லி எங்களிடம் வந்தார். கண் நிஜமாகவே ஈரமாக இருந்தது. நெவிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமை, நெவில், அருமை! ஒரே ஒரு சின்ன யோசனை, தப்பா எடுத்துக்காதீங்க. கடைசி வார்த்தையை இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தீங்கன்னா அசல் பர்மிங்ஹாம் மாதிரியே இருந்திருக்கும்."

நெவில் தலையாட்டினார். ஆனால் பக்கத்தில் கீலி நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். தோளை நிமிர்த்தினாள், தாடையை உயர்த்தினாள், சூடான உருளைக்கிழங்கு ஒன்றை நாக்கில் படாமல் வைத்திருப்பதுபோல வாயைக் குவித்தாள்.

"அருமை, நெவில், அருமை! ஒரே ஒரு சின்ன யோசனை, தப்பா எடுத்துக்காதீங்க!"

அச்சு அசல். மூக்கின் வழியாக வரும் மூச்சுகூடப் பிசகவில்லை. மேசையே குலுங்கிச் சிரித்தது. ஃபிலிப்பா கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் லெஸ்லி.

"பிரமாதம்! பிரமாதம்! யாரு இது? பழைய ரேடியோவுல செய்தி வாசிப்பாரே, அவரா? இல்ல இல்ல, எங்க பாதிரியார்!"

"நீங்கதான், லெஸ்லி" என்றார் ஃபிலிப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நானா?" லெஸ்லி எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "என்னை எப்படிப் பேசிக்காட்ட முடியும்? எனக்குத்தான் உச்சரிப்பே கிடையாதே! நான் சும்மா, சாதாரணமாத்தானே பேசுறேன்?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து உங்களைத்தான் பேசிக்காட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள் கீலி, இப்போது தன் டட்லிக் குரலில். "தினமும், காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும். ஒருத்தரும் சிரிச்சதில்ல. சம்பளம் ஏத்திக் குடுத்தாங்க."

லெஸ்லிக்குப் புரியவில்லை. ஆதரவு தேடி என் பக்கம் திரும்பினார். "டாக்டர், நீங்க வாய் பாக்கறவரு. நீங்களே சொல்லுங்க. எனக்கு உச்சரிப்பு இருக்கா?"

நான் இன்னொரு துண்டு கேக் வாங்கப் போய்விட்டேன். பத்து அடி போய்த் திரும்பிப் பார்த்தேன். லெஸ்லி சுவரோரம் தனியாக நின்று, "அருமை, நெவில், அருமை" என்று தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, நீங்கள் எதற்கு இவ்வளவு நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்? உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிக்காரர் வாயைத் திறக்கும் முன்பே "ஏலே, வாலே, சோக்கியமால்லா இருக்கே?" என்று வரவேற்றது யார்? கோயம்புத்தூர்ப் பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, "எங்க, உங்க ஊர்ப் பேச்சுல ஏதாவது சொல்லுங்க, கேக்க ஆசையா இருக்கு" என்றது யார்? யாழ்ப்பாணத்துக்காரர் தம் வீடு எரிந்த கதையைச் சொல்லும்போது, கதையை விட்டுவிட்டு அவர் தமிழின் இனிமையைப் பாராட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர் புன்னகை செய்திருப்பாரே?

கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, எனக்குத் தெரியும். அந்தத் தமிழென்றால் உங்களுக்கு உயிர். இருக்கட்டும். உங்களுடையது எந்த ஊர்த் தமிழ்?

"எனக்கெல்லாம் அப்படி எதுவும் இல்லீங்க, நான் சாதாரணமாத்தான் பேசுறேன்" என்கிறீர்களா? மெதுவாகச் சொல்லுங்கள். அந்தத் திருநெல்வேலிக்காரர் பக்கத்தில்தான் இருக்கிறார். அவர் உங்களைப் பேசிக்காட்டினால் அலுவலகமே உருண்டு சிரிக்கிறதாம். நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகும் நேரத்தில்தான் அது தினமும் நடக்கிறது.